ஆம்பள கால் படாத வீடு

இந்தா தாயி, மொதல்ல கஞ்சியக் குடி. பிள்ளைய இப்பிடி எங்கிட்டக் குடு. குடிச்சுக்கிட்டே கேளு. இந்த வீட்டுக்கு ஓடி வர்ற ஒவ்வொருத்திக்கும் இந்தக் கதையச் சொல்லித்தான் பாய் விரிக்கிறது.

ரோடு போடாத காலம், வெளக்குக்கு எண்ணெயும் இல்லாத காலம். இதே ஓடைக்கல்பட்டியில ஒச்சம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். வாக்கப்பட்டு வந்தவ. புருசன் பேரு சடையாண்டி. அவந்தான் ஊருக்குச் சாமியாடி. மாசிக் களரித் திருவிழாவுல அருவா மேல ஏறி நின்னு குறி சொல்லுவானாம். ஊரே அவன் கால்ல விழுமாம். வீட்டுக்கு வந்தா அதே கால வச்சு அவள மிதிப்பானாம். சோறு கொழஞ்சா மிதி. கொழையாட்டியும் மிதி. சாமியாடியாம், பெரிய சாமியாடி!

ஒச்சம்மா அப்பன் வீட்டுக்கு ஓடுனா. அப்பன் திருப்பிக் கொண்டாந்து விட்டான். திரும்ப ஓடுனா. திரும்பக் கொண்டாந்து விட்டான். "அடிச்சாலும் புடிச்சாலும் அவந்தான் ஒனக்குப் போக்கிடம் ஆத்தா"ன்னு அழுதானாம். அழுது என்ன செய்ய? கொண்டாந்து விட்டுட்டுத்தான அழுதான்.

அப்ப இந்த வீடு முட்டுவீடு. மாசா மாசம் தூரமான பொம்பள, பிள்ள பெத்த பொம்பள எல்லாம் தீட்டுன்னு ஊருக்கு வெளிய இங்கதான் வந்து கெடக்கணும். ஆம்பள இந்த வாசப்படி தாண்டுனா அவனுந் தீட்டு. கோயில் படி ஏற முடியாது. சாமியாடி தாண்டிட்டா சாமியே அவன் மேல எறங்காது, களரியே நின்னு போகும். இது ஆம்பளைக கூடிப் போட்ட சட்டம். நம்மளக் கேட்டா போட்டாக?

மாசா மாசம் ஒச்சம்மா இங்க வருவா. வெறுந்தரை, தேளு பூரான் ஓடும். ஆனா அவளுக்கு இங்கதான் ஒறக்கம் வந்துச்சாம். ஒரு மாசம், தலைக்கு ஊத்திட்டு வீடு திரும்ப வேண்டிய நாளு. மத்தவ எல்லாம் போயிட்டாக. இவ போகல. பேறுகாலம் பாக்குற விருமாயி, "ஏண்டி, இன்னமா முடியல?"ன்னு கேட்டாளாம்.

"முடிஞ்சிருச்சு மதினி. ஆனா போக மாட்டேன். போனா இந்தத் தடவ பொணந்தான்."

விருமாயி அவ முதுகப் பாத்தா. தன்னோட கம்பங்கூழுல பாதிய ஊத்திக் குடுத்தாளாம்.

சடையாண்டி கம்போட வந்தான். "வெளிய வாடி!"

"வரல."

"உள்ள வந்து மயிரப் புடிச்சு இழுப்பேன்!"

"வாய்யா. வந்து இழு. சாமியாடி படி தாண்டுறத ஊர் பாக்கட்டும்."

கால முன்ன வைப்பானாம், பின்ன வைப்பானாம். முன்ன வைப்பானாம், பின்ன வைப்பானாம். சாமி வராமலே வாசல்ல அந்த ஆட்டம் ஆடுனானாம்.

ஊர் அம்பலம், அதான் ஊர்த் தலைவரு, வந்தாரு. பெரியாம்பளைக வந்தாக. அவுகளுக்கும் அதே கெதி. கூடி யோசிச்சு, "பொம்பளைக உள்ள போகலாம்ல? அவளுக போயி இழுத்தாரட்டும்"னாராம் அம்பலம். என்னா மூளை! தம் பொண்டாட்டியத்தான் மொத ஆளா அனுப்புனாரு. பின்னாலயே ஊர்ப் பொம்பளைக பூராம்.

அம்பலம் பொண்டாட்டி உள்ள போயி ஒச்சம்மா கையப் புடிச்சா. புடிச்சவ இழுக்கல. பக்கத்துல உக்காந்துட்டா.

"ஏய், என்ன செய்ற உள்ள?"ன்னு கத்துனாரு அம்பலம்.

"நானுந் தூரம்"ன்னாளாம். அவளுக்கு அது நின்னு வருசக்கணக்காச்சு! அடுத்தவ, "நானும்." அதுக்கு அடுத்தவ, "நானும்." கடசியில சடையாண்டியப் பெத்த கெழவி எட்டிப் பாத்து, "நானுந்தான்டா, போடா!"ன்னாளாம்.

ஊர்ல அடுப்பு எரியல. மாடு கத்துது, பிள்ளைக அழுகுது. மாசிக் களரி வேற நெருங்கிருச்சு, பொங்க வைக்கப் பொம்பள இல்லாமக் களரி ஏது? தாங்க போட்ட சட்டத்துல தாங்களே மாட்டிக்கிட்டு ஆம்பளைக முழிச்சாகளாம். பெறகு அம்பலம் துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு வந்து, "என்னதான் கேக்குறீக?"ன்னாரு.

ஒச்சம்மா இந்த வாசல்ல வந்து நின்னா. "இந்த வீடு எனக்கு. இனிமே அடி தாங்காம எந்த ஊர்லருந்து எவ ஓடி வந்தாலும் அவளுக்கும் இந்த வீடு. வீட்டுக்கு ஒரு கை தானியம் இங்க வரணும். பெத்த அப்பனே வந்து கேட்டாலும் இங்கருந்து ஒருத்தியையும் திருப்பிக் கொண்டு போய் விடக் கூடாது."

சாமி சாட்சியா அம்பலம் ஒத்துக்கிட்டாரு. அந்த வருசக் களரியில சடையாண்டி மேல சாமி எறங்கலையாம். சாமிக்கும் ரோசம் இருக்குமுல்ல!

இப்ப தூரத்துக்கு இங்க யாரும் வர்றதில்ல. அந்தத் தீட்டு ஒழிஞ்சுச்சு, ஒழியட்டும். ஆனா ஆம்பள இன்னைக்கும் இந்தப் படி தாண்ட மாட்டான். ஒச்சம்மா வீடுன்னா பஸ் கண்டக்டரே காசு வாங்காம எறக்கி விட்டுட்டுப் போவாரு. மாசிக் களரிக்கு மொதப் பொங்கப் பானை கோயிலுக்குப் போகாது, இங்கதான் வரும். அதுக்குப் பெறகுதான் சாமிக்கு.

ஒன் புருசன் வருவான். வரட்டும். ஒங்கப்பனையும் கூட்டியாருவான். கூட்டியாரட்டும். தொண்ட வத்துற வரைக்கும் வெளிய நின்னு கத்தட்டும். நீ எத்தன நாளு வேணாலும் இரு, தாயி. எப்பத் திரும்பிப் போவேன்னு ஒன்னையக் கேக்குற வாயி இந்த ஊர்ல இல்ல.