கண்டு: தீவு ஆபீஸ் சொன்ன அர்த்தம்

— ...அது ரெண்டாவது அர்த்தமா, மூணாவதா? ஓவர்.

— மூணாவது, மாலே ஆபீஸ். இன்னொரு தடவை சொல்றேன், எழுதிக்கோங்க. கண்டுன்னா ஆழ்கடல், ஒண்ணு. ரெண்டு தீவுக்கூட்டத்துக்கு நடுவுல ஓடுற கடல், ரெண்டு. எங்க தீவுல தூரத்தையும் கண்டுன்னு சொல்லுவோம். மகன் எங்கன்னா, ஒரு கண்டு தள்ளி இருக்கான்னு சொல்லுவாங்க. மூணு. ஓவர்.

— குறிச்சுக்கிட்டேன். அப்புறம், மூதுக்கும் கண்டுக்கும் என்ன வித்தியாசம்னு அகராதிக் கமிட்டி கேக்கறாங்க. ரெண்டும் கடல்தானே? ஓவர்.

— மாலேயில நாற்காலி போட்டு உக்காந்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். மூது எங்க வாசலுக்கு வர்ற கடல். இறங்கினா முழங்கால் நனையும். பாத்திரம் கழுவலாம், பிள்ளைங்க குதிக்கும். கண்டுல அந்த வேலையெல்லாம் நடக்காது. படகு வேணும். படகு இருந்தாலும் நல்ல நாள் வேணும்.

— அருமை. அருமையான விளக்கம். மூது எங்கேர்ந்து வந்துச்சுன்னு எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. சிலோன்காரங்க 'முஹுத'ன்னு சொல்றாங்க. ரெண்டுமே சமுத்திரத்தோட பேரப்பிள்ளைங்க. கண்டுக்குத்தான் ஊரு தெரியல. கமிட்டியில மூணு பெரியவங்க மூணு தேசத்தைச் சொல்லிச் சண்டை. ஒருத்தர் குடையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார். ஓவர்.

— மாலே ஆபீஸ்.

— சொல்லுங்க, தீவு ஆபீஸ்.

— போன வாரமும் இதே கண்டைத்தான் கேட்டீங்க. அதுக்கு முந்தின வாரமும் கேட்டீங்க. அகராதியில இந்த எழுத்து வார்த்தையெல்லாம் அச்சுக்கே போயிருச்சுன்னு நேத்து ரேடியோ செய்தியில சொன்னாங்க.

— அது... திருத்தம்னு ஒண்ணு இருக்கில்ல.

— யூசுஃப்.

— ம்.

— பேரைச் சொல்லிக் கூப்பிட்டு மூணு மாசமாச்சு. மாலே ஆபீஸ், மாலே ஆபீஸ்னு சொல்லிச் சொல்லி எனக்கு மூச்சு முட்டுது. என்ன வேணும் உங்களுக்கு?

— ரஸீனா, இது பொது அலைவரிசை. அந்தப் பக்கம் பதினெட்டுத் தீவு கேட்டுக்கிட்டிருக்கும்.

— பத்தொம்பது. என் படகையும் சேத்துக்கோ, தம்பி. நடுவுல நுழைஞ்சுட்டேன்னு கோவிச்சுக்காதீங்க. தொன் அலி பேசறேன். சூரை பிடிச்சுட்டுத் துறையில சும்மாதான் கட்டிப் போட்டிருக்கேன்.

— அலியண்ணே, மீனைப் போய் இறக்குங்க.

— இறக்கியாச்சும்மா. நீங்க பேசுங்க. நான் வாயே திறக்கல.

— பாத்தியா ரஸீ? இதுக்குத்தான் சொல்றேன். நாம பழைய மாதிரி பேசலாம். தூமு.

— என்னது?

— தூமு. மறந்துட்டியா? நான் பக்கத்துத் தீவு ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்தப்ப நீதான் கத்துக் குடுத்த. மூதை எழுத்து மாத்திப் போட்டா தூமு. மூதுப் பக்கம் வா, பாக்கலாம்னு அர்த்தம். கேக்கறவன் எவனுக்கும் ஒண்ணும் புரியாது.

— அட அல்லாவே! தூமுன்னா நீங்க ரெண்டு பேரும் புன்னை மரத்தடியில சந்திக்கப் போறீங்கன்னு எங்க படகுல சமையல்காரனுக்குக்கூடத் தெரியுமேப்பா. தூமு சொல்லிட்டாங்கடா, அந்தப் பக்கம் வலையைக் காயப் போடாதீங்கன்னு நான்தான் விரட்டுவேன்.

— அண்ணே!

— வாயே திறக்கல.

— யூசுஃப், சிரிச்சது போதும். கண்டுக்கு நாலாவது அர்த்தம் ஒண்ணு இருக்கு. அதையும் எழுதிக்கோங்க. பேனா கையில இருக்கா?

— இருக்கு.

— கண்டுன்னா, படகு ஏறாத பொண்டாட்டிக்கு, ஏன் ஏறலன்னு விசாரிக்காமப் புருஷனைத் தலாக் எழுத வெக்கிற தண்ணி. எழுதிட்டீங்களா? ஓவர்.

— ரஸீ...

— எழுதிட்டீங்களான்னேன்.

— நான் படகு அனுப்பினேன். ரூம் பிடிச்சேன். ஆறு பேரு இருந்த வீட்டுல கெஞ்சிக் கூத்தாடி உனக்காக ஒரு ஜன்னல் வெச்ச ரூம் பிடிச்சேன். துறையில காலையிலேர்ந்து நின்னேன். படகு வந்துச்சு, மாசிக் கருவாடும் தேங்காயும் இறங்குச்சு. நீ இறங்கல. உனக்கு உன் ஆபீஸும் உன் தீவும்தான் பெருசுன்னு நெனச்சுட்டேன். அன்னிக்கு ராத்திரியே எழுதினேன். எழுதினது தப்புன்னு விடிஞ்சப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனா கடிதம் அதுக்குள்ள படகு ஏறிருச்சு.

— தம்பி, இப்ப நான் வாயைத் திறந்துதான் ஆகணும். அந்தப் படகு என் மச்சானோடது. சுக்கான் பிடிச்சது நான். இந்தப் பொண்ணு விடியறதுக்கு முன்னாடியே பெட்டியோட துறையில உக்காந்திருந்தா. நான்தான் ஏத்தலை. தென்மேற்குக் காத்து அடிச்சுக்கிட்டிருந்துச்சு. கண்டு எழுந்து நின்னுச்சுப்பா. ஆம்பளைங்க நாலு பேரே கயித்தால கட்டிக்கிட்டுப் போனோம். அந்த அலையில ஒரு பொண்ணை எப்படி ஏத்துவேன்? அவ என்னைத் திட்டின திட்டு இருக்கே, என் அப்பாவரைக்கும் போச்சு.

— நீங்க மாலேயில இறங்கினீங்கள்ல? ஏன் என்கிட்டச் சொல்லல?

— சொல்லலாம்னுதான் தேடினேன். நீ முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போயிட்ட. சரி, புருஷன் பொண்டாட்டி பேசிக்குவாங்கன்னு இருந்துட்டேன். அது என் தப்புதான்.

— ரஸீ, நீ ஏன் எழுதல?

— எழுதினேனே. ரெண்டு பக்கம். காத்து அடங்கட்டும், முதல் படகுல வரேன்னு எழுதினேன். அதைக் குடுக்கத் துறைக்குப் போனேன். உங்க கடிதத்தைக் கையில குடுத்தாங்க. அங்கேயே நின்னு பிரிச்சேன். அப்புறம் என்னோடதைக் கிழிச்சு மூதுல போட்டுட்டு வீட்டுக்கு வந்தேன். அன்னிக்குச் சமைச்ச ரொட்டியும் மாசியும் அப்படியே இருந்துச்சு. நீங்க இருந்தா சாப்பிடுவீங்கன்னு தோணுச்சு. எனக்கு அதுதான் ஆறல. தலாக் எழுதின ஆளுக்குத் தட்டு எடுத்து வெக்கத் தோணுது பாருங்க.

— என் ஜன்னல்லேர்ந்து பாத்தா பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியுது, ரஸீ. தினமும் சாயந்தரம் ஆபீஸ் காலியானதும் இந்த செட்டு முன்னாடி உக்காருவேன். உன் குரலைக் கேக்கறதுக்கு ஒரு வார்த்தை வேணும். அதுக்குத்தான் கண்டு. வேற எந்த வார்த்தையைக் கேட்டாலும் நீ சுருக்கமாச் சொல்லிட்டு மூடிருவ. கண்டுன்னா கொஞ்ச நேரம் பேசற.

— இதையெல்லாம் சொல்ல இன்னிக்குத்தான் நேரம் கிடைச்சுதா?

— இன்னிக்கோட மூணு மாசம். தலாக்குக்கு அப்புறம் நீ காத்திருக்க வேண்டிய இத்தா கெடு முடியுது. காலண்டர்ல நாள் நாளா அடிச்சுக்கிட்டு வந்தேன். பொழுது சாய்ஞ்சு மஃரிபு பாங்கு சொல்றதுக்குள்ள நான் வாயால சொன்னாப் போதும், தலாக் ரத்து. மறு நிக்காஹ் வேண்டாம், காஜி வேண்டாம். இந்த மழைக்காலத்துல நான் அங்க வரவும் முடியாது. இது ஒண்ணுதான் வழி.

— அப்ப இவ்வளவு நாளா வாயில மாசித்துண்டா வெச்சிருந்தீங்க?

— பயம். சொல்லி, நீ செட்டை அணைச்சுட்டா? சரி, இப்ப சொல்றேன். டுவீ. டுவீக்கு...

— நிறுத்துங்க. வீடுன்னு நேராச் சொல்லாம எழுத்தைக் கலைச்சுப் போட்டு என்கிட்ட நீட்டாதீங்க. நான் அடுக்க மாட்டேன். தலாக்கை மட்டும் ஒரு எழுத்து பிசகாம எழுதத் தெரிஞ்சுதுல்ல?

— பதினெட்டுத் தீவு கேக்குது, ரஸீ.

— கேக்கட்டும். தலாக் வந்தப்ப அவங்கதான் என்னை வேடிக்கை பாத்தாங்க. இதையும் கேக்கட்டும்.

— தம்பி, வெளிய எட்டிப் பாத்தேன், சூரியன் தண்ணியைத் தொட்டுருச்சு. பாங்கு சொல்ற எங்க முஅத்தின் செருப்பைக் கழட்டிக்கிட்டிருக்கார்.

— மாலேயில இன்னும் ஆறேழு நிமிஷம் இருக்கு. இந்த மாசத்துல தெக்கத்திப் பக்கம் முந்தி இறங்கும்.

— யார் வீட்டுச் சூரியன்னு அப்புறம் சண்டை போட்டுக்கலாம். சொல்லித் தொலைப்பா!

— சொல்றேன். நான், மாணிக் மகன் யூசுஃப். ரஸீனாவுக்கு எழுதின தலாக்கைத் திருப்பி வாங்கிக்கிட்டேன். அவளை என் பொண்டாட்டியாத் திரும்ப ஏத்துக்கிட்டேன். நான் அவசரக்காரன், முட்டாள். அவ இல்லாம எனக்கு அந்த ரூமுக்குப் போகப் பிடிக்கல. கேக்கறவங்க எல்லாரும் சாட்சி. ஓவர்.

— மாஷா அல்லாஹ்! கேட்டுச்சு தம்பி, சுத்தமாக் கேட்டுச்சு. நான் சாட்சி. என் சமையல்காரன் சாட்சி. அவன் கண்ணைத் துடைச்சுக்கிட்டிருக்கான், வெங்காயம்ங்கறான்.

— ரஸீனா? ரஸீ, கேட்டுச்சா? ஓவர்.

— பொண்ணே, ஏதாவது பேசும்மா.

— ரஸீ, செட்டை அணைச்சுட்டியா? ஓவர்.

— அணைக்கல. அழுதுக்கிட்டிருக்கேன். ஒவ்வொரு சாயந்தரமும் இதைத்தான் எதிர்பாத்து உக்காந்திருந்தேன், யூசுஃப். கண்டுக்கு அர்த்தம் சொல்லிக்கிட்டே, இந்தா சொல்லிருவாரு, இந்தா சொல்லிருவாருன்னு இருந்தேன். என் காதால ஒரு தடவை கேட்டாகணும்னு இருந்துச்சு. கேட்டுட்டேன்.

— அப்ப வருவியா? காத்து அடங்கினதும் படகு அனுப்பறேன்.

— படகு இருக்கட்டும். இத்தாவை உங்க ஆபீஸ் காலண்டர் எண்ணாது, யூசுஃப், என் உடம்பு எண்ணும், மூணு மாசக்குளியல்தான் கணக்கு. அது போன வெள்ளிக்கிழமையே முடிஞ்சிருச்சு. இனிமே நீங்க சொல்றது செல்லாது, கட்டிக்கிறியான்னு என்னைக் கேக்கணும். கேளுங்க. ஓவர்.