ஓரின் ஸ்லெட்டன் அடியில் கட்டியது

வால்ஐ மீன் ஒரு சோம்பேறி, ஷெரிஃப். குளிர்காலத்தில் ஏரியின் தரையோடு தரையாக வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டு, இரை வாய்க்கு நேரே வந்தால் மட்டும் யோசிக்கும். பனிக்கட்டியில் துளை போட்டுக் குந்தியிருக்கும் எங்களுக்கெல்லாம் ஒரே கேள்விதான்: தூண்டிலின் அடியில் என்ன கட்டுவது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் கட்டுவது.

மினசோட்டா முழுக்க அது தெரிந்தவன் ஓரின் ஸ்லெட்டன் ஒருவன்தான். என் பக்கத்து வீட்டுக்காரன். என்னைப் போலவே பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். அவன் பிடித்த மீன்களை வரிசையாகப் போட்டால் கால் நனையாமல் கனடாவுக்கு நடந்து போகலாம். அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்த எனக்குப் பிடித்ததெல்லாம் சளிதான். தூண்டில் நரம்பை மேலே இழுக்கும்போது நுனியைக் கையுறையால் பொத்திக்கொள்வான். அடைகாக்கும் கோழிகூட அவ்வளவு அக்கறையாக மூடாது.

இரை விற்கும் கடையில் ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

“அடியில என்னத்தடா கட்டுற, ஓரின்?”

“நீ ஓட்டுன பஸ்ஸத்தான் வெர்லின். அதானே எடத்த விட்டு நகராது.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் எல்லார் கண்ணிலும் படும்படி தூண்டிலில் கோக்க ஒரு கை சிவப்பு மணி வாங்கிக்கொண்டு போனான். நானும் வாங்கினேன். வருடா வருடம் வாங்கினேன். இந்த மாவட்டத்திலுள்ள பெண்கள் எல்லாருக்கும் மாலை கோத்துப் போடலாம், அத்தனை மணி என் வீட்டில் கிடக்கிறது. ஒரு மீன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மரங்களைப் பற்றிக் கேட்டீர்கள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் வீட்டில் அலங்கரித்துக் காய்ந்துபோன மரங்களைக் கொண்டுவந்து, வழி காட்ட ஏரிப் பனியில் நடுவது நம் ஊர் வழக்கம். மரம் நிற்கும் பாதையில் பனி கெட்டியாக இருக்கும். யாரும் யோசிக்காமல் அதைப் பார்த்து நடப்பார்கள். அன்று மாவு சலித்ததுபோல் பனி கொட்டியது. ஏரியில் வேறு யாரும் இல்லை. அந்த விஷயத்தில் நான் கவனமாக இருந்தேன். சில மரங்களைப் பிடுங்கி, ஆறு வந்து சேரும் பக்கமாக நட்டு வைத்தேன். அங்கே அடியில் நீர் ஓடுவதால் பனி மெலிசு. அவன் முழங்கால்வரை நனைவான், தூண்டிலை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவான், நான் நுனியைப் பார்த்துவிடுவேன். யோசித்துப் பாருங்கள், நியாயமான திட்டம்தான்.

பொழுது சாயும் நேரம் மீன் கடிக்கும். அப்போது வந்தான், சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, மரம் மரமாக. நான் பின்னால் போனேன். என் கையில் தூண்டில் சாமானும் தோளில் கயிறும் இருந்தன. கயிறில்லாமல் பனியில் இறங்கும் ஆள் நான் இல்லை.

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. பக்கத்து அறையில் யாரோ தட்டை வைத்ததுபோல் இருந்தது.

நான் போனபோது அவன் கழுத்தளவு நீரில், முழங்கைகளை விளிம்பில் ஊன்றிக்கொண்டிருந்தான். வண்டியும் தூண்டிலும் உள்ளே போய்விட்டன. அதுதான் சிக்கல். பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

“வெர்லின், கயித்தப் போடு.”

“போடுறேன். அடியில என்ன கட்டுவ, அத மொதல்ல சொல்லு.”

“கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?”

“சொல்ல எவ்வளவு நேரமாகப் போகுது?”

பல் அடித்துக்கொண்டது அவனுக்கு. “ஈயக்குண்டு தரையில கெடக்கணும். ஒரு சாண் மேல தூண்டி முள்ளு. அதுல சின்ன மீனோட தல மட்டும். ஒடம்பு வேணாம்.”

“மணி?”

“மணியே கெடையாதுடா. ஒன்ன ஏமாத்தத்தான் வாங்குனேன். போடுறா கயித்த.”

இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அத்தனை வருடம் மணியைக் காட்டியவன் இப்போது மணியே இல்லை என்கிறான். எதை நம்புவது? ஒரு மனிதனைக் கரையேற்றிவிட்டால் அப்புறம் அவனிடமிருந்து உண்மை வராது. கெட்டியான பனிக்குத் திரும்பினேன், துளை போட்டேன், அவன் சொன்னபடியே கட்டி இறக்கினேன். என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். “இருடா, பாத்துட்டு வரேன்” என்றேன். அப்புறம் கூப்பிடவில்லை, எனக்கும் கவனம் சிதறாமல் இருந்தது.

கடித்தது. தொட்டில் குழந்தை அளவு மீன். இன்னொன்றும் கடித்தது, அதை மேலே எடுத்துவிட்டுத்தான் கயிற்றோடு போனேன்.

அவன் இருந்த இடத்தில் நீர் அசையவில்லை. சூடு ஆறிய பாலில் ஏடு படிவதுபோல் மெல்லப் பனி கட்டிக்கொண்டிருந்தது.

ஓரின் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, ஷெரிஃப். அந்த மணி விஷயத்தில் மட்டும் முன்பே நேர்மையாக இருந்திருந்தால் அவன் இன்று உயிரோடு இருப்பான்.