வெயில் படாத சட்டை

தோல் கிளினிக் வரிசையில் எனக்கு முன்னால் பதினொரு பேர். பக்கத்து வாங்கில் குருநகர்க் கடற்றொழிலாளி ஒருவர் அமர்ந்திருந்தார். அவருடைய மனைவி தாதியிடம் முறையிட்டார்.

“வெயிலில நிறம் மங்கிப்போமெண்டு இவர் சட்டையைக் கழட்டி வைச்சிட்டுக் கடலுக்குப் போறார், மிஸ்ஸி. நூலுக்குள்ள சிங்க் தூள் இருக்கு, வெயிலை மறிக்குமெண்டு மகள் கனடாவில இருந்து அனுப்பின சட்டை!”

“நல்ல சட்டையெல்லே? மீன் வெடுக்கு நாத்தம் பிடிச்சிடும். பூசைக்குப் போட வைச்சிருக்கிறன்,” என்றார் கணவர்.

“கோயிலுக்குள்ள என்ன வெயில்? கழுத்துப் புண் புற்றுநோயோ எண்டு டொக்டர் வெட்டிப் பாக்கப்போறார். இனிச் சவப்பெட்டிக்குள்ள வைச்சுத்தான் போட்டுவிடவேணும்!”

கணவர் கழுத்தைத் தடவினார். “சரியப்பா, நாளைக்குப் போடுறன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. என் மகன் அனுப்பிய அதே மாதிரிச் சட்டை வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அதில் மடிப்புக் கலையாமல் கடையில் குத்திய ஏழு குண்டூசிகள். எண்ணியிருக்கிறேன், ஒன்றையும் கழற்றியதில்லை.