கொறட்டைக் காளை

— கையை எடுங்க டாக்டரய்யா! மூக்கைத் தொட்டா அதுக்கு ஆகாது.

— தொடாம எப்படிப்பா பாக்கறது, பேயாண்டி? கயித்தை இறுக்கிப் பிடி. இந்தா, விரலைப் பாரு. சளி, சீழு, ரத்தம். உள்ளே கொத்துக் கொத்தா சதை வளந்து கிடக்கு.

— சீ, கருமம்! எம்மேல உதறிராதீங்க சாமி. இது மூக்கொழுகித் தண்ணித் தொட்டியெல்லாம் கொழகொழன்னு கெடக்கு. கழுவிட்டு வந்து சோத்துல கைய வைக்க முடியல.

— இருளாயி, நீ செத்த சும்மா இரு. இது சீக்கு இல்லங்கய்யா, வீராப்பு. அலங்காநல்லூர் வாடிவாசல்ல இந்தக் கொர்ருச் சத்தம் கேட்டாலே அம்புட்டுப் பயலும் வேலி ஏறிருவான். இன்னவரைக்கும் ஒருத்தன் இதோட திமில்ல கை வச்சதில்ல.

— மூச்சு அடைக்குதுப்பா, அதான் சத்தம். எங்க குளிப்பாட்டுற?

— கண்மாயிலதான். கழுத்தளவுத் தண்ணில நீந்த விடுவேன். நெஞ்சு வலுக்கும்ல?

— இந்தக் குப்பியில இருக்கறது உங்க கண்மாய் நத்தை. வெயில்ல தூக்கிப் பாரு.

— தூசி கெடக்கு.

— தூசி இல்ல, புழு. நத்தை வயித்துல வளந்து வெளிய வருது. தண்ணில நிக்கற மாட்டுத் தோலைத் துளைச்சு, ரத்தத்தோட ஓடி, மூக்குல கூடு கட்டுது. மெட்ராஸ்ல இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க.

— ஆத்தே, நெளியுதே! அங்கனதான சாமி நான் சேலை தொவைக்கிறேன். வீட்டுக்கு வந்தா காலெல்லாம் அரிக்குது.

— உன்னையும் துளைச்சுப் பாத்திருக்கும்மா. மனுச உடம்பு அதுக்கு ஒத்து வராது. தோலுக்குள்ளயே செத்துரும்.

— அந்தப் பொணமெல்லாம் என் தோலுக்குள்ளயா கெடக்கு? உவ்வே!

— ஊசி போட்டா என்னாகும்யா?

— புண்ணு ஆறும், சத்தம் நிக்கும். போடலேன்னா பொங்கல் தாண்டாது.

— சத்தம் நின்னா இது வெறும் உழவு மாடுங்கய்யா. எவனாவது திமிலைப் புடிச்சுட்டா நான் ஊருக்குள்ள தலைகாட்ட முடியுமா?

— யோவ், மூச்சு முட்டி நாக்கத் தள்ளிக்கிட்டு நிக்குது. ஒனக்குப் பவுசு கேக்குதா?

— சரி... போடுங்கய்யா. அந்தப் புழு எந்நேரத்துல வெளிய வரும்?

— அப்படிக் கேளு! வெயில் ஏறினதும் வரும்.

— நடுத்தண்ணியிலயா, கரையோரமா?

— பாசி படிஞ்ச ஓரத்துல. நத்தை அங்கதான் ஒட்டியிருக்கும். இம்புட்டு அக்கறையா எவனும் கேட்டதில்லப்பா.

— உள்ள போனா, சத்தம் வர எம்புட்டு நாளாகும்?

— மாசக்கணக்காகும். அதெல்லாம் உனக்கெதுக்கு?

— இருளாயி, தொழுவுல நிக்கிற காளைக் கன்னுக்குட்டிய அவுத்துக் குடு. வெயில் ஏறிருச்சு, கண்மாய்க்குப் போயிட்டு வாரேன்.