உடம்புச் சூட்டில் ஒரு போத்தல்

பன்விலயிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸை ஆர்மி நிறுத்தி, எல்லாரையும் இறக்கிச் சோதித்து, மறுபடி ஏற்றிவிட்டது. பஸ் கிளம்பியதும் எனக்கு முன் சீட்டிலிருந்த பெண் கணவரிடம் சொன்னாள்:

“சூடு இருக்கான்னு தொட்டுப் பாருங்க.”

கைக்குட்டையில் சுற்றிய சின்னப் போத்தல் அவள் கையில் இருந்தது. அவர் தொடவில்லை.

“ஒரு மணித்தியாலத்துக்குள்ள, ஒடம்புச் சூட்டோட கொண்டாங்கன்னு டொக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. உங்களோடதுல உசுரோட இருக்கற ஒண்ணப் பொறுக்கி என் முட்டைக்குள்ள வச்சுப் பார்க்கலாம்னாரு. ஆம்பளைங்களத்தான் ரொம்ப சோதிப்பாங்கன்னு பயந்தீங்க. நான் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு வந்தேன்.”

“மெதுவா பேசு. ஆளுங்க இருக்காங்க.”

“அங்கயும்தான் இருந்தாங்க! அந்தப் பொம்பள ஆர்மி கைய விட்டு எடுத்து, மூடியத் தொறந்து மோந்து பார்த்தா. என்னா இதுன்னு கேட்டா. நான் உங்களப் பார்த்தேன். நீங்க என்னா சொன்னீங்க?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பொண்டாட்டிக்கு வருத்தம், அவளோட மருந்துன்னு சொன்னீங்க. கொறை யாருக்குன்னு போட்ட டெஸ்ட் ரிப்போர்ட் உங்க பையிலதான் இருக்கு. உங்க அம்மாகிட்ட கொறை எனக்குன்னு சொன்னீங்க, பொறுத்துக்கிட்டேன். முன்னப்பின்ன தெரியாத, துவக்கு வச்சிருக்கவகிட்டயுமா?”

அவள் போத்தலை அவருடைய சட்டைக்குள் செருகினாள்.

“நீங்களே டொக்டர்கிட்ட கொண்டுபோய்க் குடுங்க. அங்கயும் யாரோடதுன்னு கேப்பாங்க.”