அப்பா விழுந்த நாள்கள்

அப்பா நன்றாக நடப்பார், ஐயா. அதை முதலில் சொல்லிவிடுவதே முறை என்று நினைக்கிறேன். கைத்தடிகூட அழகுக்குத்தான். காலையில் பால் வாங்க அவரே படியிறங்கிப் போவார். "லிப்ட்ல போறவங்க எல்லாம் வயசானவங்கம்மா" என்று எதிர்வீட்டுக்காரர் காதில் விழும்படி சொல்வார். எதிர்வீட்டுக்காரர் அவரைவிட இளையவர்.

எங்கள் குடியிருப்பில் ஒரு காலத்தில் பிள்ளைகளின் சைக்கிள்கள் நின்ற இடத்தில் இப்போது சக்கர நாற்காலிகள் நிற்கின்றன. வீட்டுக்கு ஒரு முதியவர், அவரைப் பார்த்துக்கொள்ள ஒருவர். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான். அம்மா நோய்வாய்ப்பட்டபோது அலுவலக வேலையை விட்டேன். அம்மா போன பிறகு அப்பா இருந்தார். கல்யாணப் பேச்சு தானாகவே நின்றுபோயிற்று. வாசல் காவலாளிகூட என்னை "அப்பாவைப் பாத்துக்கிற அம்மா" என்றுதான் குறிப்பிடுவார். குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

அண்ணனின் மகள் படிக்க வெளியூர் போனதும் அவர் வீட்டில் ஓர் அறை காலியானது. அப்பாவை அழைத்துக்கொள்வதாக அண்ணன் சொன்னார். நல்ல மனதோடுதான். "நீயும் இனிமேலாவது உன் வாழ்க்கையைப் பாரும்மா" என்றார். ஐம்பது கடந்த பிறகு அது எங்கே இருக்கிறதென்று தேட எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்பாவோ சட்டைகளை மடிக்கத் தொடங்கிவிட்டார்.

பயண நாளைப் பேச அண்ணன் போன் செய்தபோது அப்பா உறங்கிக்கொண்டிருந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடி மேசையிலிருந்து நழுவியது. "அப்பா கண்ணாடி விழுந்துடுச்சு, இருங்கண்ணா" என்றேன். இணைப்பு விட்டு விட்டு வந்ததில் அண்ணனுக்குப் பாதிதான் கேட்டிருக்கிறது.

"அப்பா விழுந்துட்டாரா? அப்ப இப்போதைக்குப் பயணம் வேண்டாம். அங்கேயே இருக்கட்டும்."

நான் திருத்தவில்லை. முதலில் நான் செய்தது அவ்வளவே. பிறகு அப்பாவிடமும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. ஒரே வீட்டில் ஆளுக்கொரு கதை இருக்கக் கூடாதல்லவா?

"நானா? எப்பம்மா விழுந்தேன்?"

"மத்தியானம்ப்பா. தூக்கக் கலக்கத்துல."

"வலியே இல்லையே."

"இந்த வயசுல சில சமயம் வலி தெரியாதுப்பா. அதுதான் பயமே."

அப்பா சிரித்தார். "விழுந்ததே தெரியாம விழறதுக்கும் ஒரு திறமை வேணும்" என்றார். அடுத்த முறை சொன்னபோது அவ்வளவாகச் சிரிக்கவில்லை. அண்ணன் பயணத்தை நினைவூட்டும்போதெல்லாம் அப்பா விழ வேண்டியிருந்தது. மழைக்காலம் வந்தபோது அவரே கேட்கத் தொடங்கிவிட்டார்: "நேத்து விழுந்தேனாம்மா?" ஆமாம் என்பேன், அவர் மனம் நோகாத குரலில். முதலில் படியிறங்குவது நின்றது. பிறகு கூடத்துக்கு வருவது. பிறகு துணையில்லாமல் கட்டிலை விட்டு எழுவது. நடக்காததால்தான் கால்கள் மெலிந்துவிட்டன என்று மருத்துவர் வருத்தப்பட்டார். நானும் வருத்தப்பட்டேன்.

சென்ற வாரம் அண்ணன் நேரில் வருவதாகச் சொன்னார். மகன் வரும்போது நின்றுகொண்டு வரவேற்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை வந்திருக்கிறது. நான் சமையலறையில் இருந்தபோது தாமாகவே எழுந்து பார்த்திருக்கிறார். சத்தம் கேட்டு ஓடினேன். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே கிடந்தார். ஒரு கால் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது.

"விழுந்துட்டேன்மா. இந்தத் தடவை வலிக்குது."

மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் அங்கிருந்து நேராக அண்ணன் வீட்டுக்குத்தான் போவார். அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினேன்.

"இல்லப்பா, நீங்க விழல. கனவு கண்டிருக்கீங்க."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியா?" என்றார்.

அப்பாவுக்குச் சளி, இப்போது வர வேண்டாம் என்று அண்ணனுக்குப் போன் செய்தேன். ஆகையால் ஆம்புலன்ஸை அழைக்கவும் போன் என் கையில்தான் இருந்தது, ஐயா. அதை நான் மறைக்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்திருந்ததாக உங்கள் மருத்துவர் சொன்னார். எனக்கும் தெரியும். அவர் உயிர் பிரிய மூன்று நாள்கள் ஆயின. அதுவரை அருகிலேயே இருந்தேன். ஒவ்வொரு முறை முனகும்போதும், ஒன்றும் ஆகவில்லை என்று தலையைத் தடவினேன்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அப்பா கடைசிவரை தம் வலியைக்கூட நம்பவில்லை, மகளைத்தான் நம்பினார். பெற்றவர் அப்படி நம்பும் அளவுக்கு இந்தக் காலத்தில் எத்தனை பேர் பார்த்துக்கொள்கிறார்கள், ஐயா?