நார்மன் இறந்த செவ்வாய்க்கிழமை

இந்த மனிதர் ஒரு கோப்பைத் தேநீருக்கு மூன்று கரண்டி சர்க்கரை போடுகிறாரே, இவருடைய பற்களை யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பெயர் ஹோல்ராய்ட். எங்கள் பழைய மின்சாரக் கம்பெனியிலிருந்து வந்திருந்தார். ஒரு தாளை என் பக்கம் தள்ளி, நடந்ததை என் வாயால் சொல்லச் சொன்னார். சொன்னேன். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

என் கணவர் நார்மன் வெங்காயம் வளர்ப்பவர். சமையலுக்கு அல்ல, போட்டிக்கு. எங்கள் யார்க்‌ஷயர் பக்கம் செப்டம்பர் கண்காட்சியில் கைக்குழந்தை கனத்துக்கு வெங்காயம் கொண்டுவந்து வைப்பார்கள். அதற்குக் கிறிஸ்துமஸுக்கு மறுநாளே விதைக்க வேண்டும். வசந்தம் வரும்வரை தோட்டத்துக் கண்ணாடிக் குடிலில் ஹீட்டரும் விளக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே இருபது டிகிரி. என் சமையலறையில் பன்னிரண்டு.

“குளிருதுன்னா இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கயேன் தெல்மா. வெங்காயம் போட்டுக்குமா?” என்பார்.

வெங்காயம் ஏற்கெனவே எட்டு ஸ்வெட்டர் போட்டிருக்கிறது என்பதை நான் சுட்டிக்காட்டவில்லை. காலையில் எழுந்ததும் குடிலுக்குப் போய், “ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?” என்று அவற்றிடம் கேட்பார். ஜன்னல் வழியே எனக்குக் கேட்கும். பதில் சொல்லிவிடலாமா என்று சில நாள் தோன்றியிருக்கிறது.

பிப்ரவரியில் மலிவான கம்பெனிக்கு மாற முயன்றேன். பழைய கம்பெனி விடவில்லை. நார்மன் பெயரில் அறுநூற்று நாற்பது பவுண்டு பாக்கி இருந்தது. பாக்கி இருந்தால் அவர்கள் மறுக்கலாம், அது அவர்கள் உரிமை. கணக்கை நார்மன் பெயரிலிருந்து எடுக்க முடியுமா என்று கேட்டேன். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும் என்றாள் போனில் பேசிய பெண். வீடு மாறியிருந்தால் புது முகவரி வேண்டும். விவாகரத்து என்றால் நீதிமன்றத் தாள் வேண்டும். இறந்திருந்தால் தேதி போதும்.

செவ்வாய்க்கிழமை என்றேன். அன்று செவ்வாய்க்கிழமை.

உடனே என்னைத் துக்க வீட்டாருக்கான தனிப் பிரிவுக்கு மாற்றினார்கள். கிர்ஸ்டி என்ற பெண் எடுத்தாள். “ஐயோ, உங்களுக்கு இப்படி ஆயிடுச்சே. இறப்புச் சான்றிதழுக்கு ஒண்ணும் அவசரம் இல்லம்மா, உங்களுக்குத் தெம்பு வரும்போது அனுப்புங்க” என்றாள். எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. அவர் சொத்தாக என்ன விட்டுப் போனார் என்று கேட்டாள். வெங்காயம் என்றேன். பாக்கியைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

அடுத்த வாரமே புதுக் கம்பெனி வந்தது. வீடு சூடாயிற்று. ஒவ்வொரு செவ்வாயும் பதினொரு மணிக்குக் கிர்ஸ்டி கூப்பிட்டாள். “சாப்பிட்டீங்களா? ராத்திரி தூக்கம் வருதா?” என்று கேட்டாள். முப்பத்தொரு வருடத்தில் அந்தக் கேள்விக்கு நான் பழகியிருக்கவில்லை. முதல் தடவை அழுதுவிட்டேன். அது நடிப்பில்லை.

கம்பெனி மலர்வளையம் அனுப்பியதுதான் சிக்கல். நான் வெளியே போயிருந்ததால் பக்கத்து வீட்டு பிரெண்டா வாங்கி வைத்தாள். அவள் கணவர்தான் கண்காட்சிக் குழுச் செயலாளர். மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. தெருக்காரர்கள் மீன் பை, அதாவது மீனை உருளைக்கிழங்கு மசியலால் மூடிச் சுட்ட பண்டம், கொண்டுவந்து வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை, எங்கள் ஊரில் கேட்பது மரியாதை இல்லை. ஒருநாள் பிரெண்டா வேலி வழியே நார்மனைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்:

“தோட்டத்தைப் பாத்துக்க அவர் தம்பி வந்திருக்காரு போல. நல்ல மனுஷன். ஆனா நார்மன் களை வராதுடி.”

நார்மனுக்குத் தம்பி கிடையாது. மீன் பையில் அவருக்கும் பாதி கொடுத்தேன். அவரும் எதுவும் கேட்கவில்லை.

அவருக்கு விஷயம் தெரிந்தது போன வாரம்தான். ஏழரைக் கிலோ வெங்காயம் ஒன்று தயாராகிவிட்டது. போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. முதல் பரிசின் மேல் இருந்தது: நார்மன் சக்டன் நினைவுக் கோப்பை. “உறுப்பினர் மட்டும்தாங்க கலந்துக்கலாம். ஆனா உங்க அண்ணன் பேர்ல கோப்பையே வெச்சிருக்கோம்” என்றாராம் செயலாளர்.

மலர்வளையம் அனுப்பியது யார் என்று செயலாளரிடமே கேட்டுக்கொண்டு, நார்மன் பழைய மின்சாரக் கம்பெனிக்குப் போன் செய்து தான் உயிரோடு இருப்பதாகச் சொன்னார். கிர்ஸ்டிதான் எடுத்திருக்கிறாள். “வெக்கமா இல்ல உங்களுக்கு? அந்தம்மா பாவம், தனியா கஷ்டப்படுறாங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அவர் விடாமல் கூப்பிட்டதால்தான் ஹோல்ராய்ட் வந்திருந்தார்.

நான் சொல்லி முடித்தபோது நார்மன் சேற்றுக் காலோடு வாசற்படியில் நின்றிருந்தார்.

“என்னைப் பாத்தாலே தெரியலையா சார்?”

“பாக்கறேன் சார். ஆனா கண்ணால பாத்ததை எழுத இந்தத் தாள்ல இடம் இல்ல. செத்ததா சொன்னவங்கதான் இல்லன்னு கையெழுத்துப் போடணும்.”

“தெல்மா, சனிக்கிழமை கண்காட்சி. இந்தத் தாளைக் காட்டினாத்தான் என்னைச் சேத்துப்பாங்க. போட்டுடும்மா. அது ஏழரைக் கிலோ.”

‘அம்மா’ என்றதைக் கவனித்தேன். அது எனக்கா, வெங்காயத்துக்காகவா என்று யோசித்தேன். கையெழுத்திட்டால் பாக்கி திரும்ப வரும். பழைய கம்பெனியும் பன்னிரண்டு டிகிரியும் வரும். ஆனால் நான் பணத்தை நினைக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை, பதினொன்றாக ஐந்து நிமிடம். கிர்ஸ்டியின் போன் மணி அடிக்கும் நேரம்.

பேனாவை மூடி, தாளின் மேல் நேராக வைத்து, ஹோல்ராய்ட் பக்கம் நகர்த்தினேன்.

“இன்னும் கொஞ்சம் தேநீர் ஊத்தட்டுமா?” என்று கேட்டேன்.

நார்மன் குடிலுக்குத் திரும்பிப் போனார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நார்மன் மட்டும் உயிரோடு இருந்திருந்தால் என்னைப் புரிந்துகொண்டிருப்பார்.